பத்தாயிரத்தில் ஒன்று

கரையை எவ்வளவு உயரத்துக்குப் போடுவது?

ஏரிக்கரையானாலும் ஆற்றுக்கரையானாலும் கடலைத் தடுக்கும் கரையானாலும், முதல் கூடை மண்ணைக் கொட்டுமுன் யாராவது ஒருவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். நெடுங்காலம் புழங்கிய பதில் ஒன்றுதான். இதுவரை வந்ததிலேயே பெரிய வெள்ளம் எதுவரை ஏறியது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேள். அதற்கு மேல் இரண்டு முழம் சேர்த்துப் போடு.

நெதர்லாந்துக்காரர்களும் பல நூறு ஆண்டுகள் இப்படித்தான் கட்டினார்கள். நாட்டின் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கரை போனால் அவர்களுக்கு நாடே போனது. ஒவ்வொரு பெருவெள்ளத்தையும் அது வந்த நாளுக்குரிய புனிதரின் பெயரைச் சொல்லி நினைவில் வைத்திருந்தார்கள். 1421இல் எலிசபெத் வெள்ளம், 1530இல் ஃபீலிக்ஸ் வெள்ளம், 1570இல் அனைத்துப் புனிதர் வெள்ளம். ஒவ்வொன்றும் வடிந்த பிறகு கரை கொஞ்சம் உயர்ந்தது. அடுத்தது வரும்வரை தாங்கியது.

நாம் பார்த்ததிலேயே பெரியது எதுவோ, அதற்குமேல் கடலால் முடியாது என்று யார் சொன்னது? இந்தக் கேள்வியைப் பழைய பதிலால் சமாளிக்க முடியவில்லை. அது ஒழிந்து, அதன் இடத்தில் 'ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒன்று' என்ற எண் வந்து உட்கார்ந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன். பொறியியல் படித்த காலத்தில் 'ரிட்டர்ன் பீரியட்' என்ற தலைப்பின் கீழ் எங்களுக்கு ஒரு சூத்திரம் கிடைத்தது. மனப்பாடம் செய்தோம், பரீட்சையில் எழுதினோம். அந்தச் சூத்திரத்துக்குப் பின்னால் ஒரு இரவும் 1836 சாவுகளும் இருக்கின்றன என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு மாதிரி படித்திருப்போம்.

*

கதையின் விதை விழுந்தது ஒரு வரைபடத் தாளில்.

ராட்டர்டாம் துறைமுகத்தின் கப்பல்கள் கடலைத் தொடும் முனையில் ஹூக் வான் ஹாலந்து என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு நீர்மட்ட அளவி. ஓதம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சமும் பதிவேட்டில் ஏறும். ஏறத்தாழ அரை நூற்றாண்டாக அப்படிச் சேர்ந்த எண்கள், நெதர்லாந்தின் பொதுப்பணித் துறையான ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட்டில் கிடந்தன. அந்தத் துறையில் வேலை பார்த்த வேமல்ஸ்ஃபெல்டர் என்ற பொறியாளர் அவற்றை எடுத்து எண்ணத் தொடங்கினார். ஒவ்வொரு உயரத்தையும் நீர் எத்தனை தடவை தாண்டியது? தாழ்ந்த உயரங்களை ஆயிரக்கணக்கான முறை. கொஞ்சம் மேலே போனால் நூற்றுக்கணக்கில். இன்னும் மேலே போனால் விரல்விட்டு எண்ணலாம்.

இதைச் சாதாரண கட்டத்தாளில் குறித்தால் ஒன்றும் விளங்காது. புள்ளிகள் சட்டென்று சரிந்து தாளின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். நமக்கு வேண்டிய அரிய வெள்ளங்கள் எல்லாம் அந்த அடிக்கோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். லாக் தாளில் கதை வேறு. அதில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு: ஆயிரத்துக்கும் நூறுக்கும் உள்ள இடைவெளிதான் நூறுக்கும் பத்துக்கும், பத்துக்கும் ஒன்றுக்கும். வேமல்ஸ்ஃபெல்டர் அந்தத் தாளில் புள்ளிகளை வைத்தார். அவை ஏறக்குறைய ஒரு நேர்கோட்டில் வந்து நின்றன.

அந்தத் தாளை நான் பல முறை மனத்தில் வரைந்து பார்த்திருக்கிறேன். கோடு கடைசிப் புள்ளியோடு முடிகிறது, தாள் முடியவில்லை. அளவுகோலை அப்படியே நகர்த்திப் பென்சிலை இழுத்தால் இதுவரை யாரும் பார்க்காத உயரங்களுக்கு அது போகிறது. ஏறத்தாழ முக்கால் மீட்டர் ஏறினால் வெள்ளம் பத்து மடங்கு அரிதாகிறது. இன்னொரு முக்கால் மீட்டருக்கு இன்னும் பத்து மடங்கு. எங்குமே கோடு 'இதோடு சரி' என்று நிற்கவில்லை. 'அதிகபட்ச வெள்ளம்' என்று ஒன்று கிடையாது. அரிதான வெள்ளம், அதைவிட அரிதான வெள்ளம், அதையும்விட அரிதான வெள்ளம் என்று போய்க்கொண்டே இருக்கும். 1939இல் இது அச்சில் வந்தது.

இதே யோசனை அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் பருத்தி நூலிலிருந்தும் வந்தது. இங்கிலாந்தில் பருத்தித் தொழிலுக்கான ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்த டிப்பெட், நூல் எங்கே அறும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். நூறு இழையின் சராசரி பலம் எவ்வளவு என்பது நூலுக்குப் பொருட்டே இல்லை. மிக மெலிந்த இடத்தில்தான் அது அறுகிறது. ஆக, சராசரியை விட்டுவிட்டுக் கடைக்கோடி மதிப்புகளுக்கென்றே ஒரு கணிதம் வேண்டியிருந்தது. 1928இல் அவரும் புள்ளியியல் மேதை ஃபிஷரும் சேர்ந்து அதற்கு அடித்தளம் போட்டார்கள். கரையும் அப்படித்தான். சராசரி அலையைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஒரே ஒரு அலை போதும்.

*

அந்தக் கோடு சொன்னதைக் கேட்டு உறக்கம் கெட்டவர் ஒருவர் இருந்தார். யோஹான் வான் வேன். ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட்டிலேயே ஓதத்தையும் கழிமுகங்களையும் ஆராய்ந்த பொறியாளர். 1939இல் அமைந்த புயல்வெள்ளக் குழுவில் அவர் செயலாளர். பல இடங்களில் கரை தாழ்வாக இருக்கிறது, ஆபத்து நாம் நினைப்பதைவிடப் பக்கத்தில் இருக்கிறது என்று அவர் ஆண்டுக்கணக்கில் எழுதினார், வரைந்தார், வாதாடினார். பதில் வரவில்லை என்று சொல்ல முடியாது, பணம் வரவில்லை. போர் வந்தது. போரில் கரைகளும் அடிபட்டன. 1944இல் வால்க்கரன் தீவின் கரைகளை ஜெர்மானியரை விரட்டுவதற்காக நேச நாட்டு விமானங்களே குண்டு போட்டு உடைத்தன. போர் முடிந்தபோது வீடு கட்டுவதா, ஆலை கட்டுவதா, கரை கட்டுவதா என்ற போட்டியில் கரை எப்போதும் கடைசி வரிசையில் நின்றது. நேற்று தாங்கியது, இன்றும் தாங்குகிறது என்னும்போது அதற்கு யார் பணம் ஒதுக்குவார்கள்?

கிரேக்கக் கதையில் கசாண்ட்ரா என்று ஒரு பெண் வருவாள். அவள் சொல்வது அத்தனையும் பலிக்கும். ஆனால் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பது அவளுக்குக் கிடைத்த சாபம். வான் வேன் பின்னாளில் தன் நூலின் ஒரு பகுதிக்கு 'டாக்டர் கசாண்ட்ரா' என்று புனைபெயர் இட்டார்.

தென்மேற்கு நெதர்லாந்தின் கழிமுகங்களை அணைபோட்டு அடைப்பது பற்றி அவருடைய குறிப்பு ஒன்று மேலே போனது. அதில் இருந்த தேதி 1953 ஜனவரி 29.

*

ஜனவரி 31, சனிக்கிழமை. பௌர்ணமி கழிந்து இரண்டு நாள். பெரிய ஓதத்தின் நேரம். வடமேற்கிலிருந்து புயல். வட கடல் தெற்கே வர வரப் புனல்போலக் குறுகும். புயல் அந்தப் புனலுக்குள் தண்ணீரை வைத்து அழுத்தியது. மாலையில் ஓதம் இறங்க வேண்டிய நேரத்தில் தண்ணீர் இறங்கவே இல்லை. கடலோரத்துக்காரர்கள் சிலர் அதைப் பார்த்து முகம் சுருக்கினார்கள். வானொலி நள்ளிரவோடு ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் இரவில் நிலையம் இயங்காது. ஊர் தூங்கிற்று.

ஹூக் வான் ஹாலந்தில் நீர் 3.85 மீட்டரைத் தொட்டது. அதற்கு முன் பதிவான உச்சத்தைவிட அரை மீட்டருக்கும் மேல்.

கரைகள் எப்படி உடைந்தன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடலைப் பார்த்த பக்கத்தில் கல் பதித்துப் பக்குவமாகக் கட்டியிருந்தார்கள். அலை நேராக மோதுவது அங்கேதானே. ஊரைப் பார்த்த பக்கம் வெறும் மண், மேலே புல். நிலம் மிச்சம் பிடிப்பதற்காக அந்தச் சரிவைச் செங்குத்தாக விட்டிருந்தார்கள். தண்ணீர் கரையின் உச்சியைத் தாண்டி வழிந்ததும் முதலில் புல்லைப் பிடுங்கியது. பிறகு மண் ஊறிக் கனத்துப் பாளம்பாளமாகச் சரிந்தது. ஒவ்வொரு பாளம் போகப் போகக் கரையின் தலை மெலிந்தது. கடைசியில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற கரையை முதுகுப்பக்கம் அரித்தே கடல் வீழ்த்தியது. ஒன்றிரண்டு இடத்தில் இல்லை; ஸேலாந்து, தெற்கு ஹாலந்து மாகாணங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில்.

1836 பேர் செத்தார்கள். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இன்னும் 300 பேருக்கு மேல். நெதர்லாந்தில் எழுபதாயிரம் பேரை ஊரைவிட்டு வெளியேற்ற வேண்டியிருந்தது. அவ்வர்கெர்க்கில் கடைசி உடைப்பை அடைக்க நவம்பர் ஆயிற்று. அதுவரை நாளுக்கு இரண்டு முறை கடல் ஊருக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது.

அந்த இரவிலேயே இன்னொன்றும் நடந்தது. ராட்டர்டாமுக்குக் கிழக்கே ஹாலந்து ஐசல் ஆற்றின் கரையில், நியூவர்கெர்க் ஊருக்குப் பக்கத்தில், கல் பதிக்காத ஒரு பகுதி இருந்தது. அந்தக் கரைக்கு அந்தண்டை ஹாலந்தின் தாழ்நிலம் முழுவதும். சுமார் முப்பது லட்சம் மக்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அந்தப் பகுதி விட்டுக்கொடுக்கத் தொடங்கியது. ஊர் மேயர் ஆற்றில் நின்ற ஒரு படகை எடுக்கச் சொன்னார். 'இரு சகோதரர்கள்' என்பது படகின் பெயர். ஓட்டியவர் ஆரி ஏவக்ரூன். உடைப்புக்குள் படகைச் செலுத்திக் கதவுபோல அடைத்துவிடு என்பது உத்தரவு. படகு கரையைப் பிய்த்துக்கொண்டு பள்ளத்துக்குள் போய்விட்டால் தப்பிப்பதற்காகத் துடுப்புப் படகு ஒன்றையும் உடன் எடுத்துக்கொண்டு அவர் போனார். பெரிய படகு கரையில் பொருந்தி நின்றது. மணல் மூட்டைகளை அடுக்கி இண்டு இடுக்கை அடைத்தார்கள். கரை பிழைத்தது.

முப்பது லட்சம் பேரின் உயிர், ஒரு படகு அந்த நேரத்தில் அந்த இடத்தில் நின்றதைப் பொறுத்து இருந்திருக்கிறது. இதை நினைத்துப் பார்த்த பொறியாளர் எவரும் மறுபடி 'போன வெள்ளத்துக்கு மேல் இரண்டு முழம்' என்று சொல்லியிருக்க முடியாது.

*

மூன்று வாரத்துக்குள் அரசு டெல்டா ஆணையத்தை அமைத்தது. செயலாளர்: வான் வேன். ஆணையம் கரையின் உயரத்தைப் பற்றிய கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு ஆம்ஸ்டர்டாமில் இருந்த கணித மையத்துக்குப் போனது. அங்கே டேவிட் வான் டான்ட்சிக் இருந்தார். அவர் கரையைக் கட்டியவரும் இல்லை, கடலை அளந்தவரும் இல்லை. இளமையில் வேதியியல் படிக்கப் போய், கணிதத்தில் நின்று, இடவியல் என்ற மிக அருவமான துறையில் பெயர் வாங்கியவர். போருக்குப் பிறகு நிகழ்தகவின் பக்கம் திரும்பினார். 1946இல் அந்த மையத்தை நிறுவியவர்களில் ஒருவர். கணிதம் நாட்டுக்கு உதவ வேண்டும் என்பது மையத்தின் நோக்கம்.

1954இல் உலகக் கணித மாநாடு ஆம்ஸ்டர்டாமிலேயே கூடியது. அங்கே வான் டான்ட்சிக் பேசிய பொருள், 1953 வெள்ளம் எழுப்பிய கணிதச் சிக்கல்கள். கடல் எவ்வளவு உயரம், எவ்வளவு அடிக்கடி வரும் என்பது ஒன்று. புயல் காற்று தண்ணீரை எப்படித் தள்ளுகிறது என்பது இன்னொன்று. இவை தெரிந்தபின் கரையை எவ்வளவு உயர்த்துவது என்பது மூன்றாவது.

முதல் சிக்கலில் வேமல்ஸ்ஃபெல்டரின் கோட்டைக் கணிதக்காரர்கள் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே புயல் இரண்டு மூன்று ஓதங்களை உயர்த்திவிட்டுப் போகலாம். அவற்றை இரண்டு மூன்று தனித்தனி வெள்ளம் என்று எண்ணினால் நம்மிடம் இருப்பதைவிட அதிகச் சான்று இருப்பதாக நம்மையே ஏமாற்றிக்கொள்வோம். ஆகவே எதை எண்ணலாம், எதை எண்ணக்கூடாது என்பதே பெரிய வேலையாயிற்று. சில பத்தாண்டுப் பதிவை வைத்துப் பத்தாயிரம் ஆண்டைப் பற்றிப் பேசுவது எவ்வளவு துணிச்சலான காரியம் என்பதும் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

மூன்றாவது சிக்கலுக்கு அவர் கண்ட விடைதான் இந்தக் கதையின் உயிர். 1956இல் 'எகனாமெட்ரிகா' இதழில் பன்னிரண்டு பக்கக் கட்டுரையாக அது வந்தது. கேள்வியையே அவர் மாற்றிவிட்டார். 'எந்த உயரத்தில் கரை உடையாது?' என்று கேட்டால் கோடு பதில் சொல்லாது. அப்படி ஓர் உயரமே இல்லை. 'எந்த உயரத்தில், கரைக்குச் செய்யும் செலவும் உடைந்தால் வரும் நட்டமும் சேர்ந்து மிகக் குறைவாக இருக்கும்?' என்று கேட்டால் பதில் வரும்.

ஒரு கற்பனை ஊரை வைத்துப் போட்டுப் பார்ப்போம். கரை உடைந்தால் 1000 கோடி ரூபாய் நட்டம். இப்போதுள்ள கரையை வெள்ளம் தாண்டும் வாய்ப்பு ஆண்டுக்கு 300இல் ஒன்று. அப்படியானால் ஊர் ஒவ்வோர் ஆண்டும் கண்ணுக்குத் தெரியாமல் 3.3 கோடியை இழந்துகொண்டிருக்கிறது. ஆண்டு தவறாமல் அந்த இழப்பைச் சமாளிக்க இன்றே ஒரு தொகையை 4 சதவீத வட்டிக்குப் போட்டுவைப்பதானால் 83 கோடி வேண்டும். கரையை ஒரு மீட்டர் உயர்த்த 20 கோடி செலவு என்று வைத்துக்கொள்வோம்.

ஒன்றுமே செய்யாவிட்டால் சுமை 83 கோடி. முக்கால் மீட்டர் உயர்த்தினால் செலவு 15 கோடி; வெள்ளம் பத்து மடங்கு அரிதாகிவிடுவதால் 83 கோடி 8.3 கோடியாகிறது, மொத்தம் 23.3. ஒன்றரை மீட்டர் உயர்த்தினால் செலவு 30 கோடி, மிச்ச ஆபத்து 0.8 கோடி, மொத்தம் 30.8. ஆக முதல் முக்கால் மீட்டர் ஊரை வாழவைக்கிறது. அடுத்த முக்கால் மீட்டரில் தேவைக்கு மேல் பணம் போகிறது. சரியான இடம் ஏறத்தாழ 83 சென்டிமீட்டர்.

இப்போது அதே ஊர் நகரமாக வளர்ந்து, நட்டம் பத்து மடங்காகி 10,000 கோடியாகிறது என்று வையுங்கள். கரையைப் பத்து மடங்கு உயர்த்த வேண்டுமா? வேண்டாம். இன்னும் ஒரு முக்கால் மீட்டர் சேர்த்தால் போதும். 15 கோடி கூடுதல். லாக் தாளில் நேர்கோடு விழுந்ததற்கு அர்த்தம் இதுதான். ஆபத்து பத்து மடங்கு பெருகினாலும் பாதுகாப்பின் விலை ஒரு படிதான் ஏறுகிறது. இதை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கிற்று. 1953க்கு முன் கரைக்குப் பணம் இல்லை என்று சொன்னவர்கள் மறுத்தது மலையளவு பணத்தை இல்லை. சில மீட்டர் மண்ணை.

*

ஹாலந்தின் நடுப்பகுதிக்கு ஆணையம் போட்ட கணக்கில், வெள்ளம் ஊருக்குள் வரும் வாய்ப்பு ஆண்டுக்கு 1,25,000இல் ஒன்று என்ற அளவில் இருப்பது உத்தமம் என்று விடை வந்தது. பிறகு பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? கரையைக் குறிப்பிட்ட நீர்மட்டத்துக்கு வடிவமைக்கிறோம். அந்த மட்டம் வந்தவுடனே கரை பொத்தென்று விழுந்துவிடுவதில்லை. அதற்கு மேலும் கொஞ்சம் தாங்கும். அந்தக் கையிருப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புள்ள நீர்மட்டத்துக்குக் கரையை வடிவமைத்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். ஹூக் வான் ஹாலந்தில் அது 5 மீட்டர். 1953இல் தண்ணீர் தொட்ட இடத்துக்கு மேல் 1.15 மீட்டர்.

1958இல் டெல்டா சட்டம் நிறைவேறியது. 1960இல் ஆணையத்தின் இறுதி அறிக்கை வந்தது. அதைப் பார்க்க இரண்டு பேர் இல்லை. வான் டான்ட்சிக் 1959 ஜூலையில் காலமானார். வான் வேன் அதே ஆண்டு டிசம்பரில்.

பத்தாயிரம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மக்களும் தொழிலும் நெருங்கிய ஹாலந்துக்குப் பத்தாயிரத்தில் ஒன்று. ஸேலாந்துக்கு நாலாயிரத்தில் ஒன்று. பிற்காலத்தில் பெரிய ஆறுகளின் கரைகளுக்கு 1250இல் ஒன்று. அந்த இரவில் அதிகம் பேர் செத்தது ஸேலாந்திலும் அதை ஒட்டிய தீவுகளிலும்தான். படகு வைத்துப் பிழைத்த பகுதிக்குத்தான் உயர்ந்த கரை. கணக்கு பிசகவில்லை. நட்டம் குறைந்த இடத்தில் குறைந்த உயரம் என்றுதான் அது சொல்லும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஸேலாந்து விவசாயிக்கு முன்னால் போய் நின்று இந்தக் கணக்கை வாசிக்க எனக்கு மனம் வராது.

உயிருக்கு விலை போடலாமா என்ற கேள்வி இங்கேதான் கழுத்தைப் பிடிக்கிறது. போடக்கூடாது என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. ஆனால் கரை ஏதோ ஓர் உயரத்தில் நிற்கத்தானே வேண்டும்? அந்த உயரத்தைத் தீர்மானித்த அன்றே, சொல்லாமல் ஒரு விலை போட்டுவிட்டோம். பழைய இரண்டு முழத்துக்குள்ளும் அந்த விலை ஒளிந்துதான் இருந்தது. யாரும் கேட்க முடியாத இடத்தில். வான் டான்ட்சிக்கின் வழியில் அது தாளுக்கு வந்தது. ஸேலாந்துக்காரர் அதைக் காட்டி 'எங்களுக்கு ஏன் நாலாயிரம்?' என்று கேட்க முடிந்தது. நான் இந்தக் கணிதத்தின் பக்கம் நிற்பதற்கு அது ஒன்றே காரணம்.

*

எண் பிறந்ததோடு அதைத் தவறாகப் புரிந்துகொள்வதும் பிறந்துவிட்டது. 'பத்தாயிரம் ஆண்டு வெள்ளம்' என்றால் பத்தாயிரம் ஆண்டு கழித்து வரும் வெள்ளம் என்று நினைக்கிறோம். வந்தாயிற்று, இனிக் கவலையில்லை என்றும் நினைக்கிறோம். நம் ஊரில் பெருமழை கொட்டும்போதெல்லாம் 'நூறு ஆண்டில் இல்லாத மழை' என்ற தலைப்பு வரும். அதைப் படிக்கிறவர் மனத்தில், இனி நம் பேரன் காலத்தில்தான் அடுத்தது என்று ஓர் ஆறுதல் வந்து உட்கார்ந்துவிடும். கடலும் மேகமும் நாள்காட்டி பார்ப்பதில்லை. நூறில் ஒன்று என்பது ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் குலுக்கும் சீட்டு. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அந்த வெள்ளம் ஒரு தடவையாவது வந்துவிடும் வாய்ப்பு 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்றுக்கும் சற்று மேல். பத்தாயிரத்தில் ஒன்று என்ற உயர்ந்த கரைக்குப் பின்னால் நூறு ஆண்டு வாழும் ஊருக்கும் ஒரு சதவீத வாய்ப்பு மிச்சம் இருக்கிறது. சுழியம் ஆகாது.

பொறியாளர்கள் அந்த மிச்சத்தை விட்டுவிடவில்லை. ஈஸ்டர்ஸ்கெல்ட் கழிமுகத்தில் 1986இல் திறந்த தடுப்பணைக்கு 65 தூண்கள், 62 கதவுகள். அங்கே நீர்மட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. கதவு சிக்கிக்கொள்ளலாம், அடிமண் அரிக்கலாம், மின்சாரம் போகலாம். ஒவ்வொரு பாகமும் எத்தனையில் ஒரு தடவை தவறும் என்று கிளை கிளையாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள். கரை முதுகுப்பக்கம் உடைந்த பாடம் அங்கே கணிதமாயிற்று.

வான் டான்ட்சிக்கின் கணக்கிலும் ஓட்டை இருந்தது. நாடு வளர வளர நட்டம் வளரும். ஆகவே கரையை ஒருமுறை உயர்த்தினால் தீராது, எப்போது உயர்த்துவது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்று தொடராகக் கேட்க வேண்டும். அரை நூற்றாண்டு கழித்துக் காரல் ஐகன்ராம் என்ற பொருளியலாளர் அதைத் திருத்தினார். அந்தத் திருத்திய கணக்கின் துணையோடு 2017இல் சட்டம் மாறியது. இப்போது நெதர்லாந்து நீர்மட்டத்தின் வாய்ப்பைக் கேட்பதில்லை; ஊர் மூழ்கும் வாய்ப்பைக் கேட்கிறது. கூடவே, கரைக்குப் பின்னால் எங்கே வாழ்ந்தாலும், நகரமோ கிராமமோ, ஒருவர் வெள்ளத்தில் சாகும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு லட்சத்தில் ஒன்றுக்கு மேல் போகக்கூடாது என்று ஓர் அடிக்கோடும் போட்டார்கள். அந்த இலக்கை எட்டத் தங்களுக்கே வைத்துக்கொண்ட கெடு 2050. ஸேலாந்து விவசாயியின் கேள்விக்குப் பதில் வர, அந்த இரவிலிருந்து 64 ஆண்டு ஆகியிருக்கிறது.

ஹூக் வான் ஹாலந்துக்கு அருகில், கதை தொடங்கிய அதே நீர்வழியில், 1997 முதல் மாஸ்லண்ட் தடுப்பு நிற்கிறது. ஒவ்வொன்றும் 210 மீட்டர் நீளமுள்ள இரண்டு கதவுகள். மூடலாமா வேண்டாமா என்று கணினியே முடிவெடுக்கும். மூடச் சொன்னால் மூடாமல் போகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று வடிவமைத்தார்கள். கட்டிப் பல ஆண்டு கழித்துத் துருவிப் பார்த்தபோது அது பத்தில் ஒன்று என்று தெரிந்தது. மறைக்காமல் சொன்னார்கள், வேலை பார்த்து நூறில் ஒன்றுக்குக் கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பர் 21 அன்று ஒரு புயலில் கணினி தானாகவே கதவை மூடியது. உயர்ந்த வெள்ளத்துக்காக அப்படி நடந்தது அதுவே முதல் தடவை.

ஒவ்வோர் ஆண்டும் ஒத்திகை உண்டு. புயல் பருவம் தொடங்குமுன், செப்டம்பர் வாக்கில், வெயில் அடிக்கும் நாளில் கதவுகளை மூடிப் பார்க்கிறார்கள். குழந்தை குட்டிகளோடு ஊர் சனம் கரையில் வந்து நிற்கிறது. வெள்ளைக் கதவுகள் இரண்டும் மிதந்து மிதந்து நடு ஆற்றுக்கு வருகின்றன. உள்ளே தண்ணீரை வாங்கிக்கொண்டு மெல்ல அமிழ்ந்து அடித்தளத்தில் உட்காருகின்றன.